மானுக்கு எந்தக் குண்டு

நவம்பர் மாத இரவு. விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஓர் ஓக் காட்டுச் சரிவு. நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் மண்டியிட்டுக் காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பார்த்த ரத்தத் துளி கடுகளவுதான் இருந்தது. அதற்குப் பிறகு முப்பது அடி தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த மான் இருட்டில் எங்கோ உயிரோடு படுத்திருந்தது. சுட்டவன் நான்.

மறுநாள் காலையில் அது கிடைத்தது. அதற்குள் கயோட்டிகள், நரி மாதிரியான இந்த ஊர் மிருகங்கள், வந்துவிட்டுப் போயிருந்தன. விலாவுக்குப் பின்னால், வயிற்றுப் பக்கத்தில், பென்சில் பருமனில் ஓர் ஓட்டை. மறுபக்கமும் அதே அளவில் இன்னொன்று. மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். இதை எழுதும்போதும் அந்த ஓட்டையின் அளவு கண்முன் நிற்கிறது.

எனக்கு வேட்டை கற்றுத்தந்தவர் பக்கத்துப் பண்ணைக்காரர். ஓய்வுபெற்ற பால்பண்ணை விவசாயி, அப்போதே எழுபதைத் தாண்டியவர். அன்று அவர் என்னைத் திட்டவில்லை. என் தோட்டாப் பெட்டியைக் கேட்டு வாங்கினார், பின்பக்கம் திருப்பினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இதுக்குள்ள என்ன குண்டு இருக்குன்னு தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தோட்டாவின் பெயர் .300 மேக்னம் என்று தெரியும். குண்டின் எடை 180 கிரெயின் என்று தெரியும். மூக்கில் இருக்கும் அந்த உலோகம் மானுக்குள் போய் என்ன செய்யும் என்பது மட்டும் தெரியாது.

இந்த ஊரில் வேட்டைக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் சிலர் என்னிடம் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. துப்பாக்கியைக் கடைசியாக யோசியுங்கள். முதலில் குண்டு, அடுத்து உங்கள் தோள், அதற்கப்புறம் தோட்டாவின் பெயர்.

தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது முழு உருப்படி: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி கொடுக்கும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே செருகிய குண்டு. குழலைவிட்டு வெளியே போவது குண்டு மட்டும்தான். அதன் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 150 கிரெயின் குண்டு பத்து கிராமைக்கூட எட்டாது. நம் ஊர்க் கணக்கில் ஒன்றேகால் பவுன்கூட இல்லாத உலோகம், அறுபது எழுபது கிலோ மிருகத்தைச் சில நொடிகளில் சாய்க்க வேண்டும். எப்படிச் சாய்க்கிறது?

மான் அதிர்ச்சியில் சாவதில்லை, ரத்தம் இழந்து சாகிறது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலும் இதயமும் சேர்ந்து இருக்கும் பகுதி வெண்வால் மானுக்கு ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். அதற்குள் குண்டு புகுந்து காளான் போல மூக்கு விரிந்து போனால் நுரையீரல் கிழியும், மூளைக்கு ரத்தம் நிற்கும், மான் ஐம்பது நூறு கஜம் ஓடி விழும். குண்டு விரியாமல் போனால் ஊசி குத்திய மாதிரி ஓட்டை விழும். ரத்தம் மெதுவாகத்தான் கசியும். மான் மைல் கணக்கில் போகும்.

போர்த் துப்பாக்கிக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில் ஆங்கிலேயரின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1890களில் அங்கே .303 ரைபிளுக்கு, மூக்கில் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டு செய்தார்கள். உடம்பில் பட்டதும் விரியும். அதைப் பார்த்து உலகம் பதறியது. 1899ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று உறுதிமொழி எழுதின. அதனால்தான் ராணுவக் குண்டு முழுக்க உலோக உறை போட்டு வருகிறது. வேட்டையில் சட்டம் தலைகீழ். அந்த முழு உறைக் குண்டால் மானைச் சுடுவது அமெரிக்காவின் பல மாநிலங்களில் குற்றம். சிப்பாயை எவ்வளவு காயப்படுத்தலாம் என்று யோசித்தவர்கள் விரியக் கூடாது என்றார்கள். மான் எவ்வளவு சீக்கிரம் சாக வேண்டும் என்று யோசித்தவர்கள் விரிந்தே ஆக வேண்டும் என்றார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ராணுவ மிச்சத் தோட்டாவை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

விரிவதிலும் அளவு உண்டு. நூறு வருடமாக மான்களைச் சாய்த்து வருவது சாதாரண ஈயக் குண்டு: ஈய உடல், செம்புக் கலப்பு உறை, மூக்கில் மட்டும் ஈயம் திறந்திருக்கும். ரெமிங்டன் கம்பெனியின் கோர்-லாக்ட் இந்த வகைதான். 1939லிருந்து இருக்கிறது, இன்றைக்கும் மளிகைக் கடைக்குப் பக்கத்து இரும்புச் சாமான் கடையில்கூடக் கிடைக்கும். நடுத்தர வேகத்தில், மான் அளவு உடம்பில், இதற்கு ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். விலையும் குறைவு. விலை குறைந்தால் அதிகம் சுட்டுப் பழகலாம் என்பது சின்ன விஷயமல்ல.

தொல்லை வருவது வேகம் கூடும்போது. மிக வேகமாகப் போகும் மெல்லிய குண்டு பக்கத்திலிருந்து தோள்பட்டை எலும்பில் அடித்தால் உடைந்து சிதறிவிடும், உள்ளே போகாது. ஜான் நாஸ்லர் என்பவருக்கு 1946ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதுதான் நடந்தது. உடம்பில் சேறு காய்ந்து ஒட்டியிருந்த பெரிய மூஸ் மான் ஒன்றின் தோளில் அவருடைய மேக்னம் குண்டுகள் பட்டு மேலேயே சிதறின. வீட்டுக்குப் போனவர், நடுவில் செம்புத் தடுப்புச் சுவர் வைத்த ஒரு குண்டைச் செய்தார். முன்பாதி ஈயம் விரியும். பின்பாதி தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே துளைத்துக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. மனம் உறுத்தியதால் ஒரு மனிதர் உட்கார்ந்து செய்த பொருள் அது என்று எனக்குத் தோன்றும். அதனால் அதன் மேல் தனி மரியாதை.

என் கதை நாஸ்லரின் கதைக்கு நேர் எதிர். எல்க் என்ற பெரிய மான், கரடி போன்ற கனத்த மிருகங்களுக்காகக் கட்டிய கெட்டியான குண்டை வைத்து, எழுபது கஜத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் மானைச் சுட்டேன். எலும்பில் படாமல் மென்சதை வழியே போனதால் அது சரியாக விரியவில்லை. ஆனால் குண்டின் தலையில் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. குறி எட்டு அங்குலம் பின்னால் போனது யாரால்?

அதை அந்தப் பெரியவர் ஒரு வாரம் கழித்துக் காட்டினார். சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், துப்பாக்கியை அவரே நிரப்பி நிரப்பிக் கொடுத்தார். நான்காவது முறை விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டிருந்தார். வெடிக்காத துப்பாக்கி என் கையில் பக்கவாட்டில் ஒரு முழம் குதித்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தேன். சுடும்போது துப்பாக்கி தோளை இடிக்கும் பின்னுதைக்குப் பயந்து என் உடம்பு முன்கூட்டியே துள்ளியிருக்கிறது, எனக்கே தெரியாமல். மானின் மேலும் அதுதான் நடந்திருக்கிறது.

180 கிரெயின் குண்டை நொடிக்கு 2,960 அடி வேகத்தில் தள்ளும் .300 மேக்னம், எட்டு ஒன்பது பவுண்டுத் துப்பாக்கியில் தோளை ஏறக்குறைய 25 அடி-பவுண்டு ஆற்றலோடு இடிக்கும். மற்றத் தோட்டாக்களில், .30-06 இருபதை ஒட்டி. .308 பதினைந்து பதினாறு. 7எம்எம்-08 பன்னிரண்டு பதின்மூன்று. .243 பத்துக்கும் கீழே. என் எடை அப்போது 62 கிலோ. "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது பெரியது இல்லை, கண்ணை மூடாமல் சுடக்கூடியது.

பெரியவரின் துப்பாக்கி அவர் அப்பாவிடமிருந்து வந்த .30-30. 1895ல் வந்த தோட்டா. 170 கிரெயின், நொடிக்கு 2,200 அடி. இருநூறு கஜத்தில் அதன் ஆற்றல் ஆயிரம் அடி-பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும். மானுக்கு ஆயிரமாவது வேண்டும் என்பது இங்கே பழங்காலத்துக் கணக்கு. ஆனால் அவர் இருநூறு கஜத்தில் சுட்டதே இல்லை. ஓக் காட்டுக்குள் நூறு கஜத்துக்கு மேல் பார்வையே போகாது. அந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பின்னாலிருப்பதன் மூக்கு முன்னாலிருப்பதன் ப்ரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால் உலோகக் கூர்மூக்குக் குண்டைப் போட முடியாது. அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்குத்தான் போட வேண்டும். இப்போது மென்மையான ரப்பர் போன்ற முனை வைத்த கூர்க் குண்டும் வருகிறது. பெரியவர் அதைத் தொடவில்லை. "இந்த மரங்களுக்கு நடுவுல இதுவே போதும்" என்பார்.

.30-06ன் கடைசி இரண்டு எண்கள் 1906ஆம் ஆண்டைக் குறிக்கும். அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற வருடம். .308 அதையே குட்டையாக்கியது மாதிரி, 1952ல் வந்தது. அந்த .308ன் கூட்டைக் கழுத்தில் நெரித்து மெல்லிய குண்டு போட்டதுதான் 1955ன் .243. 1980ன் 7எம்எம்-08ம் அதே கூட்டின் பிள்ளைதான். .270 1925லேயே வந்துவிட்டது. ஜாக் ஓ'கானர் என்ற வேட்டை எழுத்தாளர் பல வருடங்கள் அதற்காக எழுதித் தள்ளினார். 6.5 க்ரீட்மோர் இந்த நூற்றாண்டுப் பிள்ளை. நீளமான மெல்லிய குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பின்னுதை குறைவு, இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். இவற்றில் எது நல்லது என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முந்நூறு கஜத்துக்குள், சரியான குண்டோடு, இவற்றில் எதனால் சுட்டாலும் மானுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. .30-30ஐ மட்டும் நூற்றைம்பது கஜத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். .243ல் மட்டும் குண்டைப் பார்த்து வாங்க வேண்டும். அதில் கொறித்துண்ணி போன்ற சின்னப் பிராணிகளைச் சுடச் செய்த 55, 58 கிரெயின் குண்டுகளும் விற்கிறார்கள். அவை மானின் விலாவிலேயே தூளாகும். மானுக்கு 90லிருந்து 100 கிரெயின் வேண்டும்.

நான் 7எம்எம்-08க்கு மாறினேன். முதல் இரண்டு சீசன் 140 கிரெயின் ஈயக் குண்டு, நொடிக்கு 2,800 அடி. இரண்டு மான். இரண்டும் கண்ணெதிரே விழுந்தன.

பிறகு என் மனைவி கர்ப்பமானாள். ஃப்ரீசரில் பாதி மான் இருந்தது. மிளகு போட்டு வறுத்தால் அவளுக்கு உயிர். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் கேட்டாள்: "இந்தக் கறியில ஈயம் இருக்குமாங்க? வேட்டைக் கறி சாப்பிடுவீங்களான்னு டாக்டர் கேட்டாங்க." குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டேனே, அப்புறம் என்ன என்றுதான் நினைத்தேன். அன்று இரவு உட்கார்ந்து படித்தேன்.

2008ல் வட டகோட்டாவில் ஒரு மருத்துவர், வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் கொத்துக்கறியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பல பொட்டலங்களில் ஈயத் துகள் மின்னியது. தானக் கறியைக் கொடுப்பதை உணவு மையங்கள் நிறுத்தின. ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஈயக் குண்டால் சுட்ட கறியைச் சாப்பிட வேண்டாம் என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை சொன்னது. அதே வருடம் மினசோட்டாவில் ஆட்டு உடல்களில் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வேகமாக விரியும் ஈயக் குண்டு நூற்றுக்கும் மேற்பட்ட துகள்களாகச் சிதறியிருந்தது. காயத்திலிருந்து ஓர் அடி தள்ளியும் துகள் கிடந்தது. பல துகள்கள் கண்ணுக்கும் தெரியாது, பல்லிலும் தட்டுப்படாது. வட டகோட்டாவில் எழுநூறு பேருக்கு மேல் ரத்தம் சோதித்தபோது, வேட்டைக் கறி சாப்பிடுகிறவர்களின் ஈய அளவு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. சராசரி வித்தியாசம் மிகச் சிறியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு "மிகச் சிறிய" ஈயத்தை என் கையால் ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. ஃப்ரீசரில் இருந்த அத்தனையையும் எடுத்துப் புதைத்தேன். உயிரோடு சுற்றிய ஒரு மானைச் சுட்டுவிட்டு அதன் கறியை மண்ணில் போடுவது எப்படியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

புதைத்தது சரிதானா என்பது தனிக் கேள்வி. ஈயத்தின் தொல்லை நம் தட்டோடு நிற்பதில்லை. குடலையும் குண்டுபட்ட சதையையும் காட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் இங்கே வழக்கம். அதைத் தின்ன வெண்தலைக் கழுகுகள் வரும். ஈயம் ஏறித் தலைநிற்காமல் கிடக்கும் கழுகுகளை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பறவை மருத்துவமனையில் வருடா வருடம் பார்க்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம், பிணம் தின்னும் காண்டோர் கழுகுகளை மனதில் வைத்து, 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு அப்படித் தடை இல்லை. அவரவர் முடிவு. நான் முழுச் செம்புக் குண்டுக்கு மாறினேன்.

செம்புக்கு மாறுவது என்றால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டைச் சுழற்றி நேராக நிறுத்தக் குழலுக்குள் இருக்கும் சுருள் வரி இறுக்கமாக இருக்க வேண்டும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் இருக்காது. அதனால் எடையைக் குறைப்பதுதான் வழி. 140லிருந்து 120 கிரெயினுக்கு இறங்கினேன். வேகம் 3,000 அடியை எட்டியது. செம்பு விரியவும் வேகம் வேண்டும். மூக்கில் குடைந்த பள்ளம், பட்ட வேகத்தில் நான்கு இதழாகப் பிரிய வேண்டும். வேகம் 2,000 அடிக்கும் கீழே போனால் இதழ் விரிவதை நம்ப முடியாது. ஈயம் 1,800லும் விரிந்துவிடும். ஆகவே செம்பில் கனத்த குண்டைத் தேடக் கூடாது, இலேசான வேகமான குண்டைத் தேட வேண்டும். இதைச் சொல்லாமல் "செம்பு சரியில்லை, மான் ஓடிவிட்டது" என்று குறை சொல்கிறவர்கள் பலர் ஈயக் காலத்து எடையையே செம்பிலும் வாங்கியவர்கள்.

புதுக் குண்டு பழைய இடத்தில் விழாது என்பதும் நினைவிருக்கட்டும். என் துப்பாக்கியில் நூறு கஜத்தில் செம்பு மூன்று அங்குலம் மேலேயும் ஓர் அங்குலம் வலப்பக்கமும் போனது. குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்ய ஒரு பெட்டி முழுக்கத் தீர்ந்தது. விலை ஈயத்தைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. 2020ல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது செம்பு எங்கேயுமே கிடைக்கவில்லை. ரேஞ்சில் பழகுவதைக் குறைத்துக்கொண்டு, கையிலிருந்த ஒன்பது தோட்டாக்களோடு அந்த சீசனைக் கடத்தினேன்.

அம்மாவிடம் முதல் சில வருடங்கள் சொல்லவில்லை. சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மானையாடா சுட்டே? பாவம்டா அது." 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறை நான்; நம் ஊரில் மானைச் சுடுவது குற்றம், அது அப்படியே இருக்க வேண்டும். இங்கே மானைத் தின்னும் பெரிய மிருகங்கள் அதிகம் இல்லாத பண்ணைக் காடுகளில் மான் பெருகிக் கிடக்கிறது. மாநிலமே உரிமம் கொடுத்து, நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் சீசன் வைக்கிறது. இதையெல்லாம் விளக்கினேன். அம்மா கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "துடிக்காம போயிடுமா?" அந்தக் கேள்வியை மேசையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு அக்டோபரிலும் தோட்டா வாங்குகிறேன்.

செம்புக் குண்டு பெரும்பாலும் மானைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். அது நல்லதுதான், இரண்டு ஓட்டையிலும் ரத்தம் வரும், தடம் பிடிக்கலாம். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் என்றால் வயிறு. துரத்தினால் எழுந்து ஓடும், எட்டு மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். முதல் மானின்போது இது எனக்குத் தெரிந்திருந்தால் இருட்டிலேயே அதைத் துரத்தியிருக்க மாட்டேன்.

ஒரே ஒருமுறை குண்டு மானுக்குள் தங்கியது. போன வருடம், எனக்கு எதிர்முகமாகச் சாய்ந்து நின்ற கொம்பன். முன்தோளில் புகுந்து உடம்பின் நீளம் முழுக்கப் போய்ப் பின்தொடைத் தோலுக்கடியில் நின்றிருந்தது. நாற்பது கஜம் ஓடி விழுந்தான். தோல் உரிக்கும்போது கத்தியில் தட்டுப்பட்டது. நான்கு இதழும் பின்னோக்கி மடங்கி, சின்னப் பூ மாதிரி. பெரியவரிடம் கொண்டுபோனேன். இப்போது அவரால் காட்டுக்கு வர முடிவதில்லை, முழங்கால். தோட்டா நிரப்பும் சின்னத் தராசில் வைத்தார். 119 கிரெயினுக்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய ஒரு கிரெயின்தான் குறைந்திருந்தது. "அந்த ஒரு கிரெயினும் ஈயமில்லை" என்று சொல்லி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மான் மூளைநோய் இந்த மாநிலத்தில் 2002லிருந்து இருப்பதால் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை கறியைத் தொடவில்லை. நோய் இல்லை என்று வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மிளகு வறுவல். மகள் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வரும் சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது. பெட்டியில் பதினான்கு தோட்டாக்கள் இருக்கின்றன. வியாழன் மாலை ரேஞ்சுக்குப் போய் மூன்றைச் சுட்டு, குறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று பயிற்சித் தோட்டா. மனைவியிடம் கொடுத்து, எனக்குத் தெரியாமல் நடுவில் போடச் சொல்லியிருக்கிறேன்.